மூளைக் கோட்டையைத் திறக்கும் பூனைக்காலி!

வேலியில் படரும் கொடி – சென்னையில் கண்ட உண்மை – நடுக்குவாதத்துக்கு மருந்து

காய்ச்சலுக்கு ஊசி போடுகிறார்கள். மருந்து ரத்தத்தில் கலக்கிறது. உடம்பு முழுவதும் ஓடுகிறது. கல்லீரல், சிறுநீரகம், தசை, தோல் எல்லாவற்றுக்குள்ளும் நுழைகிறது.

ஆனால் ஓர் இடத்தின் வாசலில் மட்டும் பெரும்பாலான மருந்துகள் தடுத்து நிறுத்தப்படுகின்றன. எத்தனை வீரியமான மருந்தாக இருந்தாலும் சரி, "உள்ளே வராதே!" என்று திருப்பி அனுப்பப்படுகின்றன.

அந்த இடம்தான் மூளை!

மூளையில் ஒரு நோய் வந்தால், அதற்கு மருந்து கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்த மருந்தை மூளைக்குள் கொண்டு போய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது வேலையில் தோற்றுப்போன மருந்துகள் ஏராளம்.

வென்ற மருந்துகளில் ஒன்று, நம் நாட்டு வேலிகளில் படரும் ஒரு கொடியின் விதைக்குள் இருக்கிறது. அதை அந்த விதையிலிருந்து பிரித்து எடுத்து உலகுக்குச் சொன்னவர்கள், சென்னையில் ஆராய்ச்சி செய்த இரண்டு விஞ்ஞானிகள்.

நடை சொல்லும் நோய்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளம் உள்ளது. நகரம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அதற்கு மறுபுறம், கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. பௌர்ணமி இரவு என்றால் இந்த ஊர் தூங்காது. ஆண்களும் பெண்களும், கிழவரும் குழந்தைகளும் கூட்டம் கூட்டமாக இந்த ஊர் வழியே நடந்து போவார்கள்.

நடையைப் பார்த்தே நோயைச் சொல்லும் நரம்பு டாக்டருக்கு, இந்தப் பாதை ஒரு பாடப் புத்தகம். முழங்கால் வலிக்காரரின் நடை ஒரு விதம். பக்கவாதம் வந்து தேறியவரின் நடை ஒரு விதம். இன்னொரு விதமும் உண்டு. உடம்பு முன்பக்கம் சற்று வளைந்திருக்கும். அடிகள் மிகச் சிறியவை. பாதம் தரையை உராய்ந்துகொண்டு போகும். இரண்டு கைகளில் ஒன்று வீசாமல், பக்கத்தில் அப்படியே தொங்கும். சும்மா இருக்கும்போது விரல்கள், மாத்திரை உருட்டுவதுபோல் நடுங்கும்.

"வயசாகிவிட்டது, அதனால்தான்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் இது வயசு அல்ல, நோய். இதன் பெயர் நடுக்குவாதம். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதனால் உலகம் இதைப் பார்க்கின்சன் நோய் என்று அழைக்கிறது.

இந்த நோய் வந்தவருக்குச் சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரிய வேலை. வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாது. கையெழுத்து வரவர எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துவிடும். முகத்தில் சிரிப்பு வராது. குரல் தாழ்ந்துவிடும். தொடக்கத்தில் பலருக்கு அறிவு தெளிவாக இருக்கும். ஆனால் உடம்பு அதன் உத்தரவுக்கு உடனே பணியாது.

தீர்ந்துபோன எண்ணெய்

இதற்குக் காரணம் என்ன?

மூளையின் நடுப்பகுதியில், கருமை நிறம் உள்ள சிறிய இடம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள நரம்பு அணுக்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் செய்கின்றன. வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் எப்படியோ, உடம்பின் அசைவுக்கு டோபமைன் அப்படி. அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. டோபமைன் குறைகிறது. சக்கரம் இறுகுகிறது. நோய் வெளியே தெரிவதற்குள், அங்குள்ள அணுக்களில் பெரும் பகுதி அழிந்துவிடும்.

நோயில் மாண்டவர்களின் மூளையைச் சோதித்து, டோபமைன் குறைவைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகர ஆராய்ச்சியாளர்கள். ஆண்டு 1960.

"அப்படியானால் டோபமைனை ஊசியாகப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும்.

டோபமைன் ஊசி மருந்து இருக்கத்தான் செய்கிறது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்கள். அழுத்தம் உயருகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆனால் கை நடுக்கம் நிற்பதில்லை. டோபமைன் மூளையின் வாசலைத் தாண்டவே முடிவதில்லை!

நீலச் சாயம் சொன்ன ரகசியம்

இப்படி ஒரு தடுப்பு இருக்கிறது என்பது, சாயத்தைக் கொண்டு செய்த சோதனையில் வெளிப்பட்டது.

1885-ல் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி பால் எர்லிக், பிராணிகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடம்பின் உறுப்புகள் எல்லாம் சாயம் ஏறின. மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது! "மூளைக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை போலும்" என்று அவர் நினைத்தார்.

அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மேன் 1913-ல் சோதனையைத் தலைகீழாகச் செய்தார். சாயத்தை ரத்தத்தில் விடாமல், மூளையைச் சுற்றியுள்ள நீரில் விட்டார். இப்போது மூளை நீலமாயிற்று. மற்ற உறுப்புகள் வெள்ளையாக இருந்தன. மூளைக்குச் சாயம் பிடிக்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒரு மதில் இருக்கிறது என்பது விளங்கிவிட்டது.

அந்த மதில் எங்கே இருக்கிறது? 1967-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். மூளைக்கென்று தனியாக ஒரு மதில் கட்டப்படவில்லை. மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரே மதில்! உடம்பின் மற்ற இடங்களில் இந்தச் சுவரின் அணுக்களுக்கு நடுவே சந்து இருக்கும். மருந்து அந்தச் சந்து வழியே கசிந்து போகும். மூளையிலோ அணுவும் அணுவும் ஒட்டித் தைத்ததுபோல் இறுகியிருக்கின்றன.

மூளையின் இந்த மெல்லிய குழாய்களை ஒன்றோடு ஒன்று முடிந்து நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. அவ்வளவு நீளமும் காவல்!

இந்தக் காவல் வீண் அல்ல. சாப்பிடும் சாப்பாட்டில் எத்தனையோ வகைப் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. கிருமிகளும் விஷங்களும் வருகின்றன. எல்லாம் மூளைக்குள் புகுந்தால் மனிதன் நிதானமாக ஒரு வார்த்தை பேச முடியாது. ஆகவே இயற்கை கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. கொழுப்பில் கரையும் சிறு பொருள்கள் மட்டும் சுவரை ஊடுருவிச் செல்லும். சாராயம் குடித்தவன் தள்ளாடுவதும், காபி குடித்தவருக்குத் தூக்கம் கலைவதும் இதனால்தான். மதிலுக்குள் நுழைந்துவிட்ட சில மருந்துகளைப் பிடித்து வெளியே தள்ளும் காவலர்களும் சுவரிலேயே இருக்கிறார்கள்.

படுத்த முயல் எழுந்தது!

மூளைக்கும் சாப்பாடு வேண்டும் அல்லவா? சர்க்கரைக்கு ஒரு வாசல் இருக்கிறது. புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. வாயிற்காவலன் உருவத்தைப் பார்த்து உள்ளே விடுகிறான்.

இங்கேதான் விஞ்ஞானிகளுக்கு வழி கிடைத்தது. டோபமைனை உடம்பு எதிலிருந்து செய்கிறது? டோபா என்ற பொருளிலிருந்து. டோபா ஓர் அமினோ அமிலம். ஆகவே அமினோ அமிலத்துக்கு உரிய வாசலில், வாயிற்காவலன் அதைத் தடுப்பதில்லை. உள்ளே போனதும் டோபா, டோபமைனாக மாறிவிடுகிறது. வெளியே நிறுத்தப்பட்ட ஆள், வேறு வேஷத்தில் உள்ளே போய் வேஷத்தைக் கலைத்துக்கொண்டதுபோல!

1957-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் இதை முயல்களிடம் காட்டினார். முதலில் முயல்களுக்கு ரெசர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். இதுவும் நம் நாட்டுச் சரக்குதான். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுப்பது. அது மூளையில் உள்ள டோபமைனைக் காலி செய்துவிடும். முயல்கள் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவை ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் காதை நிமிர்த்திக்கொண்டு எழுந்துவிட்டன! இந்த ஆராய்ச்சிகளுக்காக 2000-ல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு பங்கு கிடைத்தது.

சென்னையில், 1937-ல்...

கார்ல்சனின் முயல் எழுந்ததற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, டோபா சென்னையில் ஒரு விதையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

அந்த விதை பூனைக்காலி விதை. கிராமத்துக்காரர்களுக்கு இந்தக் கொடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலையடிவாரப் புதர்களிலும் வேலிகளிலும் படரும். அவரை இனத்தைச் சேர்ந்தது. கத்தரிப்பூ நிறத்தில் கொத்தாகப் பூக்கும். காயின் மேல் பழுப்பு நிறத்தில் பட்டுப் போன்ற சுனை இருக்கும். பார்க்க அழகு, தொட்டால் தொல்லை. சுனை பட்ட இடம் தீயாய் அரிக்கும். ஆடு மாடு மேய்ப்பவர்கள் இந்தப் புதரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் விதையைச் சித்த வைத்தியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் நெடுங்காலமாக மருந்தில் சேர்த்து வருகிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையை ஆராய்ந்தார்கள். அதிலிருந்து டோபாவைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். இங்கிலாந்தின் உயிர் ரசாயன ஆராய்ச்சி இதழில் 1937-ல் அந்தச் செய்தி வெளிவந்தது.

டோபாவை முதன்முதலில் செடியிலிருந்து எடுத்தவர் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி மார்க்கஸ் குகன்ஹைம். 1913-ல் மேல்நாட்டு அவரை ஒன்றிலிருந்து எடுத்தார். சோதனைக்காக 2½ கிராம் டோபாவைத் தாமே விழுங்கினார். கடுமையான வாந்தி வந்ததுதான் மிச்சம்! அது எதற்குப் பயன்படும் என்று அப்போது அவருக்கும் தெரியாது. பின்னால் சென்னை விஞ்ஞானிகளுக்கும் தெரியாது. மூளையில் டோபமைன் இருக்கிறது என்பதே அந்தக் காலத்தில் தெரியாத செய்தி. சாவி முதலில் கிடைத்தது. பூட்டு எங்கே என்பது பிறகுதான் தெரிந்தது.

1961-ல் வியன்னா டாக்டர்கள் நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நிற்க முடியாதவர்கள் நடந்தார்கள். ஆனால் பலன் சில மணி நேரம்தான் நின்றது. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற டாக்டர், சிறிய அளவில் வாய் வழியாகக் கொடுக்கத் தொடங்கி, படிப்படியாக உயர்த்தினார். பலன் நிலைத்தது. 1970-ல் அமெரிக்க அரசு இந்த மருந்தை அனுமதித்தது. அன்று முதல் இன்று வரை நடுக்குவாதத்துக்கு இதைவிடச் சிறந்த மாத்திரை வரவில்லை.

வழிப்பறிக்குக் காவல்

ஒரு சங்கடம் இருந்தது. விழுங்கிய டோபாவில் மிகப் பெரும் பகுதி, மூளைக்குப் போகும் முன்பே வழியில் டோபமைனாக மாறிவிட்டது. மாறிய பிறகு வாசல் திறக்காது. அது மட்டும் அல்ல. மூளையில் வாந்தி உணர்ச்சியை எழுப்பும் சிறு பகுதி ஒன்று உண்டு. உடம்புக்குள் விஷம் வந்தால் உடனே அறிய வேண்டும் என்பதற்காக, அந்த இடத்தில் மட்டும் மதில் இல்லை! வழியில் உண்டான டோபமைன் அதைத் தூண்டிவிடும். குகன்ஹைம் வாந்தி எடுத்த மர்மம் இதுதான்.

இதற்கும் டாக்டர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கார்பிடோபா என்ற துணை மருந்தைச் சேர்த்தார்கள். இது டோபாவை வழியில் மாறவிடாமல் தடுக்கும். ஆனால் இதனால் மூளைக்குள் நுழைய முடியாது. ஆகவே மூளைக்குள் டோபா தாராளமாக மாறலாம். மருந்தைத் தடுத்த அதே மதிலை மருந்துக்குத் துணையாக்கிவிட்டார்கள்! டோபாவின் அளவை முன்பு கொடுத்ததில் சுமார் கால் பங்காகக் குறைக்க முடிந்தது. இப்படிச் சேர்த்துச் செய்த மாத்திரை ஒன்றுக்கு "சினிமெட்" என்று பெயர் வைத்தார்கள். "வாந்தி இல்லாமல்" என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர் அது.

வாசலில் நெரிசல்

மாத்திரை சாப்பிடுகிற பலர் ஒரு குறை சொல்வது உண்டு. "காலையில் நன்றாக வேலை செய்கிறது; மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் எழவில்லை" என்பார்கள்.

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாக ஒரு கார் போக நினைத்தால் என்ன ஆகும்? பாதை இருக்கிறது, ஆனால் கூட்டம் விடாது. அதே கதைதான் இங்கேயும். பருப்பு, பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் புரதம் அதிகம். அது செரித்ததும் அமினோ அமிலங்கள் ரத்தத்தில் திரள்கின்றன. டோபா நுழைய வேண்டிய அதே வாசலில் அவையும் நெருக்குகின்றன. டோபா வெளியே காத்துக் கிடக்கிறது.

அதனால்தான் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக விழுங்கும்படி டாக்டர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். பருப்பையும் பாலையும் அடியோடு நிறுத்திவிடக் கூடாது, உடம்பு இளைத்துவிடும். எந்த வேளைக்கு எது என்பதை டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொண்டால் போதும்.

விதையை அரைத்துத் தின்னலாமா?

"மாத்திரை எதற்கு? பூனைக்காலி விதையையே பொடி செய்து தின்றால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயல்பு.

விஞ்ஞானிகள் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1978-ல் பம்பாய் டாக்டர்கள் இந்த விதையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலனை வெளியிட்டார்கள். 1995-ல் விதையிலிருந்து செய்த ஒரு மருந்து 60 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுக்கப்பட்டது. 2004-ல் லண்டனில் 8 நோயாளிகளிடம் மாத்திரையையும் விதை மருந்தையும் ஒப்பிட்டார்கள். மாத்திரை வேலை செய்யச் சராசரியாக 68 நிமிடம் ஆயிற்று. 30 கிராம் விதை மருந்து 35 நிமிடத்தில் வேலை செய்தது.

ஆகவே விதையில் மருந்து இருப்பது உண்மை. ஆனால் அந்த நோயாளிகள் தின்றது அளவு பார்த்துத் தயாரித்த மருந்து. வேலியில் பறித்த விதை அப்படி அல்ல. 100 கிராம் விதையில் டோபா 4 கிராமும் இருக்கலாம், 6 கிராமும் இருக்கலாம். மண்ணுக்கு மண், விதைக்கு விதை மாறும். வழிப்பறியைத் தடுக்கும் கார்பிடோபா விதையில் இல்லை. பக்குவம் செய்யாத விதை வயிற்றைப் புரட்டும். ஆயுர்வேதத்தில் விதையைப் பாலில் வேகவைத்துத் தோலை நீக்கிச் சுத்தி செய்வது வழக்கம். தென்மலைகளில் வாழும் காணிக்காரர்கள் இதை உணவாகக் கொள்ளும்போது, தண்ணீரை மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைக்கிறார்கள். பெரியவர்கள் காரணம் இல்லாமலா அப்படிச் செய்தார்கள்?

மாத்திரையும் தின்று, ரகசியமாகப் பொடியும் தின்பவர்களுக்கு ஆபத்து அதிகம். டோபா அளவு மீறினால் கை கால்கள் தாமாகவே ஆட்டம் போடும். இல்லாத உருவம் கண்ணில் தெரியும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு. உடம்பு விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்து நேரலாம். பொடி சாப்பிடுவதாக இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

புதிய சாவிகள்

டோபா நோயை அடியோடு ஒழிப்பது இல்லை. மடிந்த அணுக்களை அது எழுப்பாது. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாத்திரையின் பலன் நிற்கும் நேரம் குறையும். அளவையும் வேளையையும் மாற்றி அமைக்க வேண்டிவரும். ஆனாலும் படுக்கையில் கழிய வேண்டிய பல ஆண்டுகளை அது நடமாடும் ஆண்டுகளாக மாற்றித் தருகிறது.

அது காட்டிய வழியில் மற்ற மூளை நோய்களுக்கும் சாவி தேடுகிறார்கள். 2015-ல் கனடாவின் டொரன்டோ நகரில், மூளைக் கட்டி உள்ள ஒரு நோயாளிக்குக் காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை ஓர் இடத்தில் குவித்து, மதிலைச் சிறிது நேரம் திறந்து மருந்தை உள்ளே விட்டார்கள். மதில் பிறகு தானே மூடிக்கொள்ளும். 2021-ல் ஜப்பான் ஒரு மருந்தை அனுமதித்தது. ஹன்டர் நோய் என்ற பிறவி நோய்க்கு அது கொடுக்கப்படுகிறது. அந்த மருந்து, இரும்புச் சத்தைச் சுமந்து வரும் புரதத்துக்கு உரிய வாசலைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் போகிறது.

சுவரை இடிக்காமல், இருக்கிற வாசலைக் கண்டுபிடித்து அதன் வழியே போ. பூனைக்காலி விதைக்குள் இருந்த டோபா உலகத்துக்குச் சொன்ன பாடம் இதுதான்.

வீட்டில் உள்ள பெரியவரின் நடை சுருங்குகிறதா? ஒரு கை வீசாமல் தொங்குகிறதா? கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா? வயசின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சரியான அளவில், சரியான வேளையில் மருந்து கிடைத்தால், மனம் நினைத்த இடத்துக்கு அவருடைய கால் மறுபடியும் போகும்!